மருத்துவமனை நிர்வாகத்தைத் தனியாரிடம் கொடுத்தால் நோயாளிக்கு என்ன மாறும்?

கரையோரத்தான்:

வணக்கம். என் அம்மாவுக்கு வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். நான்கு ஆண்டுகளாக ஒரே அரசு மருத்துவமனைக்குத்தான் அழைத்துப் போகிறேன். அவருடைய இடது கையில் எந்த இடத்தில் ஊசி போட்டால் இரத்தம் தடையில்லாமல் வரும் என்று அங்கிருக்கும் டெக்னீஷியனுக்கு அத்துப்படி. புதியவர் யாராவது வந்தால் மூன்று முறை குத்துவார். அம்மா அன்று இரவு முழுக்கக் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பார்.

இப்போது டயாலிசிஸ் பிரிவு, பரிசோதனைக்கூடம், துப்புரவு மூன்றையும் முதலில் ஒரு நிறுவனத்திடம் கொடுத்துவிட்டு, அது சரியாக நடந்தால் முழு நிர்வாகத்தையும் 20 ஆண்டுகளுக்கு ஒப்படைக்கப் போவதாகச் சொல்கிறார்கள். “கட்டடம் அரசுடையது, சிகிச்சை இலவசம், நிர்வாகம் மட்டும்தான் தனியார்” என்கிறார்கள். நோயாளிகளின் குடும்பத்தினர் சார்பாக என்னையும் இன்னொருவரையும் ஆலோசனைக் கூட்டத்துக்கு அழைத்திருக்கிறார்கள்.

தனியார் என்றாலே கெட்டது என்று நினைப்பவன் அல்ல நான். சென்ற ஆண்டு இரண்டு இயந்திரங்கள் பழுதாகி மாதக்கணக்கில் மூலையில் கிடந்தன. நோயாளிகளை நள்ளிரவு ஷிப்டுக்கு மாற்றினார்கள். அந்த நிலைக்கு இது தேவலை என்று சிலர் சொல்கிறார்கள். உண்மையில் என்ன மாறும்? கூட்டத்தில் நான் என்ன கேட்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


நேர்வழி:

நண்பரே, பதற்றப்படாதீர்கள். ஜப்பானில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் தனியாருடையவை. உலகிலேயே மக்கள் நீண்ட ஆயுளோடு வாழும் நாடுகளில் அதுவும் ஒன்று. நெதர்லாந்திலும் பெரும்பாலான மருத்துவமனைகள் அரசுடையவை அல்ல. யார் நடத்துகிறார்கள் என்பதைவிட எப்படி நடத்துகிறார்கள் என்பதுதான் முக்கியம். பழுதான இயந்திரம் மாதக்கணக்கில் கிடந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரு நிறுவனம் அப்படி விட்டிருக்காது. இயந்திரம் ஓடாவிட்டால் அதற்கு வருமானம் இல்லை.


இரவுப்பணி:

தம்பி கரையோரத்தான், உங்கள் அம்மாவின் கையைப் பற்றி எழுதிய இரண்டு வரிகளுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நான் 31 ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்தவள். கடைசி 9 ஆண்டுகள் ஓர் அறுவை சிகிச்சை வார்டின் பொறுப்புச் செவிலியர். அந்த 9 ஆண்டுகளின் நடுவில்தான் எங்கள் மருத்துவமனையின் துப்புரவுப் பணி ஒப்பந்தத்துக்குப் போனது. எங்களிடமும் “துப்புரவு மட்டும்தான்” என்றுதான் சொன்னார்கள்.

அதற்கு முன்பு எங்கள் வார்டைத் துடைத்தவர் ஓர் அக்கா. 17 ஆண்டுகள் அதே வார்டில் இருந்தவர். எனக்கு முன்பே அங்கு வந்தவர். ஒருநாள் காலை நான் மருந்து வண்டியோடு நிற்கிறேன், வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தார். “சிஸ்டர், 14ஆம் கட்டில் பெரியவர் தண்ணீர்க் குவளையைப் பிடிக்கத் தடுமாறுகிறார். நேற்று நன்றாகப் பிடித்தார்” என்றார். குடலிறக்க அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள் அந்தப் பெரியவருக்கு. அட்டையில் காய்ச்சல் இல்லை, நாடி சரி, இரத்த அழுத்தம் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். போய்ப் பார்த்தால் வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. பக்கவாதம். பத்து நிமிடத்தில் மருத்துவர் வந்துவிட்டார். மூன்று வாரம் கழித்து அவர் கைத்தடியை ஊன்றி, மகள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்துதான் வீட்டுக்குப் போனார்.

அக்காவின் பணி விவரத்தில் “நோயாளி குவளையைப் பிடிக்கும் விதத்தைக் கவனிக்கவும்” என்று எழுதியிருக்கவில்லை. எந்த ஒப்பந்தத்திலும் அதை எழுத முடியாது. ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில், ஒரே குழுவோடு இருந்ததால் வந்த கண் அது.

ஒப்பந்தம் வந்ததும் அக்காவுக்கு நேரத்தைக் குறைத்து வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். இரண்டு மாதத்தில் வேலையை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் வார்டில் ஒரு மாதத்தில் நான்கு முகங்களைப் பார்த்தேன். அந்தப் பெண்களை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். ஒரு ஷிப்டுக்கு ஒரு ஜோடி கையுறைதான் அவர்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு பெண் கழிப்பறையைக் கழுவிய கையுறையைச் சோப்புப் போட்டு அலசி, ஜன்னல் கம்பியில் விரல்களை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தாள். அடுத்து அதே கையுறையோடு கட்டில் கம்பிகளைத் துடைக்க வேண்டும். அந்தக் கையுறை காற்றில் ஆடியது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. எங்கள் இருப்பிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். அவர் உங்கள் பணியாளர் அல்ல, எப்படிக் கொடுத்தீர்கள் என்று எனக்கு விளக்கக் கடிதம் வந்தது.

இன்னொன்றும் சொல்கிறேன். ஓர் இரவு பத்தரை மணிக்கு ஒரு நோயாளியின் வயிற்றிலிருந்து வடியும் கழிவுப் பாட்டில் கவிழ்ந்து தரையெல்லாம் ஓடியது. முன்பு என்றால் ஒரு குரல் கொடுத்தால் போதும். இப்போது உதவி மையத்துக்குப் போன் செய்ய வேண்டும். செய்தேன், ஒரு புகார் எண் கொடுத்தார்கள். தரை துடைப்பு காலை 6, பகல் 2, இரவு 8 என்றுதான் ஒப்பந்தத்தில் இருந்தது. இடையில் கூப்பிட்டால் தனிக் கட்டணம், அதற்கு மேலதிகாரியின் அனுமதி வேண்டும். அன்று 38 நோயாளிகளுக்கு நாங்கள் இரண்டு செவிலியர்கள். ஒருத்தி மண்டியிட்டுத் தரையைத் துடைத்தாள். அந்த நேரத்தில் 38 பேருக்கு நான் ஒருத்தி. மறுநாள் காலை கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் தொங்கிய சரிபார்ப்புத் தாளைப் பார்த்தேன். எல்லாக் கட்டத்திலும் குறி போட்டிருந்தது. இன்னும் வராத பகல் 2 மணிக் கட்டத்திலும்.

மாத இறுதியில் அந்தத் தாள்களைக் கூட்டித்தான் பணம் கொடுத்தார்கள். அந்தக் கணக்கின்படி எங்கள் வார்டு மிகச் சுத்தமான வார்டு. புண்ணில் சீழ் பிடித்துக் கட்டு மாற்ற வேண்டியவர்கள் மட்டும் கூடிக்கொண்டே போனார்கள். காரணம் இதுதான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

என் ஒரு வார்டின் கதையை வைத்து முடிவு எடுக்க வேண்டாம். இங்கிலாந்தில் 1983இல் மருத்துவமனைகளின் துப்புரவு, சமையல், சலவைப் பணிகளை டெண்டருக்கு விடச் சொல்லி அரசு உத்தரவிட்டது. பல ஆண்டுகள் கழித்து, 2010 முதல் 2014 வரை 126 மருத்துவமனை அமைப்புகளின் விவரங்களை ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். துப்புரவை வெளியே கொடுத்த இடங்களில் செலவு குறைந்திருந்தது, அது உண்மை. ஆனால் கட்டிலுக்கு இத்தனை துப்புரவுப் பணியாளர் என்ற எண்ணிக்கையும் குறைந்திருந்தது. வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமித் தொற்று, சொந்தப் பணியாளரை வைத்திருந்த இடங்களைவிடக் கூடுதலாக இருந்தது. ஸ்காட்லாந்து 2008இலேயே இனி மருத்துவமனைத் துப்புரவுக்குப் புதிய தனியார் ஒப்பந்தம் கிடையாது என்று அறிவித்துவிட்டது.

உங்கள் அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். டயாலிசிஸில் இந்தக் கேள்வியை நேரடியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வு, இலாப நோக்குள்ள டயாலிசிஸ் நிலையங்களையும் இலாப நோக்கில்லாதவற்றையும் ஒப்பிட்ட முந்தைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. இலாப நோக்குள்ள நிலையங்களில் இறப்பு அபாயம் 8 சதவீதம் கூடுதல். குறைவான பணியாளர்கள், பயிற்சி குறைந்தவர்கள், இயந்திரத்தில் இருக்கும் நேரத்தைக் குறைப்பது ஆகியவை காரணமாக இருக்கலாம் என்று பேசினார்கள். உங்களுக்கு அது புரியும். நான்கு மணி நேரம் ஓட வேண்டிய இயந்திரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னதாக நிறுத்தினால் அன்று யாருக்கும் ஒன்றும் தெரியாது. அடுத்த நோயாளியைச் சீக்கிரம் ஏற்றலாம். இழப்பு மாதங்கள் கழித்து நோயாளியின் உடம்பில் தெரியும், அப்போது நோய் முற்றிவிட்டது என்று எழுதுவார்கள்.

நேர்வழி ஐயா சொன்ன ஜப்பான் உதாரணத்தில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அங்கே மருத்துவமனைகளை நடத்தும் மருத்துவக் கழகங்கள் இலாபத்தைப் பங்கு பிரித்துக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்பதை நாடு முழுவதற்கும் அரசே நிர்ணயிக்கிறது. அந்த அமைப்பு பல பத்தாண்டுகளாக அப்படி வளர்ந்து வந்தது. பொதுமக்களின் மருத்துவமனையை ஒரு நிறுவனத்திடம் எழுதிக் கொடுப்பது வேறு விஷயம்.


பேரேடு:

இரவுப்பணி அம்மா எழுதியதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். நான் பொதுத் துறை ஒப்பந்தங்களைத் தணிக்கை செய்யும் வேலையில் இருந்தவன். குவளைக் கதைக்குப் பொருளாதாரத்தில் ஒரு விளக்கம் உண்டு. 1997இல் ஆலிவர் ஹார்ட், ஷ்லைஃபர், விஷ்னி என்ற பொருளாதார அறிஞர்கள் மூவரும் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்: தரத்தின் ஒரு பகுதியை ஒப்பந்தத்தில் எழுதவே முடியாது, எழுத முடியாத அந்தப் பகுதியைக் குறைத்துச் செலவை மிச்சப்படுத்தும் தூண்டுதல் தனியார் ஒப்பந்ததாரருக்கு மிக அதிகம். ஒப்பந்தக் கோட்பாட்டுக்காக ஹார்ட்டுக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தது.

நான் சொல்ல வருவது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் பற்றி. கூட்டத்தில் முதலில் விலகல் பிரிவைக் கேளுங்கள், அதாவது நிறுவனம் எப்போது பாதியில் விலகலாம் என்று சொல்லும் பகுதியை. இங்கிலாந்தில் ஹின்சிங்புரூக் மருத்துவமனையை 2012இல் சர்க்கிள் என்ற நிறுவனம் பத்து ஆண்டுகளுக்கு எடுத்தது. முழு அரசு மருத்துவமனை ஒன்றை ஒரு தனியார் நிறுவனம் நடத்துவது அதுவே முதல்முறை. தன் கையிலிருந்து 50 லட்சம் பவுண்டுக்கு மேல் போட வேண்டி வந்தால் நிறுவனம் விலகிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. 2015 ஜனவரியில் விலகுவதாக அறிவித்தது. அதே நாளில் வெளியான தரக் கண்காணிப்பு அமைப்பின் அறிக்கை மருத்துவமனையைப் “போதாது” என்று மதிப்பிட்டது. மூன்றே ஆண்டுகளில் மருத்துவமனை அரசிடம் திரும்பியது. நட்டத்துக்கு நிறுவனத்தின் பக்கம் ஓர் எல்லை உண்டு, மக்களின் பக்கம் எல்லை இல்லை.

ஸ்பெயினில் வலென்சியா பகுதியின் அல்சிரா மருத்துவமனையை 1999இல் தனியார் நிர்வாகத்தில் திறந்து, இந்த முறைக்கு உலகத்துக்கே முன்மாதிரி என்று காட்டினார்கள். நான்கு ஆண்டுகளில் ஒப்பந்தத்தை ரத்து செய்து, நிறுவனத்துக்கு அனுகூலமாகத் திருத்தி, அதே தரப்பிடம் மீண்டும் கொடுக்க வேண்டியிருந்தது. 2018 ஏப்ரலில் ஒப்பந்தக் காலம் முடிந்ததும் அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்டது. இப்படித் திரும்ப எடுக்கும்போதுதான் சிக்கல் தெரியும். நோயாளிப் பதிவுகள் யாருடைய மென்பொருளில் இருக்கின்றன? வாடகைக்கு வந்த ஸ்கேன் இயந்திரம் யாருடையது? வெளியே போன பழைய பணியாளர்கள் எங்கே?

கட்டுமானத்திலும் இதே கதைதான். 2018 ஜனவரியில் கரிலியன் நிறுவனம் திவாலானபோது லிவர்பூலில் கட்டி முடியாத மருத்துவமனை அப்படியே நின்றது. திட்டமிட்டதைவிட ஐந்து ஆண்டுக்கு மேல் தாமதமாக 2022இல்தான் திறந்தார்கள். கட்டி முடிக்கும் பொறுப்பு அரசின் தலையில் விழுந்தது.


நேர்வழி:

இரவுப்பணி அம்மாவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீங்கள் காட்டும் ஆய்வுகள் எல்லாம் தொடர்பைக் காட்டுபவை, காரணத்தை நிறுவுபவை அல்ல. ஏற்கெனவே மோசமாக இருந்த மருத்துவமனைதான் தனியாரிடம் போயிருக்கலாம். காத்திருப்போர் பட்டியலில் இருப்பவருக்கு அறுவை சிகிச்சை சீக்கிரம் கிடைத்தால் போதாதா? இங்கிலாந்தில் கண்புரை அறுவை சிகிச்சைகளில் பாதிக்கும் மேல் இப்போது தனியார் நிலையங்களில், அரசு செலவில் நடக்கின்றன. நோயாளிகள் குறை சொல்லவில்லையே.


இரவுப்பணி:

ஐயா, நியாயமான கேள்வி. ஏற்கெனவே மோசமாக இருந்ததுதான் போயிருக்கும் என்ற சந்தேகத்துக்காகவே, கைமாறுவதற்கு முன்பும் பின்பும் ஒரே மருத்துவமனையைப் பார்க்கும் ஆய்வுகள் வந்தன. அமெரிக்காவில் முதலீட்டு நிறுவனங்கள் வாங்கிய 51 மருத்துவமனைகளை, வாங்கப்படாத 259 மருத்துவமனைகளோடு ஒப்பிட்டு 2023 டிசம்பரில் ஒன்று வெளியானது. மருத்துவமனையில் இருக்கும்போதே நோயாளிக்கு நேரும் தீங்குகள், அதாவது கீழே விழுதல், இரத்தக் குழாயில் செருகிய குழாய் வழியே தொற்று போன்றவை, கைமாறிய பிறகு 25 சதவீதம் கூடின. குழாய்த் தொற்று மட்டும் சுமார் 38 சதவீதம். இதுவும் முழு நிரூபணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குழாயைச் செருகிக் காத்த கை என்னுடையது. ஒரு ஷிப்டில் ஒரு செவிலியர் குறைந்தால் முதலில் தள்ளிப்போவது எது என்று எனக்குத் தெரியும். கட்டு மாற்றுவதுதான்.

இங்கிலாந்தைப் பற்றியே 2022இல் லான்செட் பொதுச் சுகாதார இதழில் வந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2013 முதல் 2020 வரை, ஒரு பகுதியில் அரசின் மருத்துவச் செலவில் தனியாருக்குப் போகும் பங்கு ஒரு சதவீதப் புள்ளி கூடினால், சிகிச்சையால் தடுத்திருக்கக்கூடிய இறப்புகள் அடுத்த ஆண்டில் 0.38 சதவீதம் கூடுவதோடு அது தொடர்புபட்டிருந்தது. எண் சிறியது. ஆனால் அந்த இறப்புகள் தடுத்திருக்கக்கூடியவை.

கண்புரையைப் பற்றி. அது பெரும்பாலும் சிறிய, அன்றே வீடு திரும்பும் அறுவை சிகிச்சை. நிலையான கட்டணம், முன்கூட்டியே தெரியும் நேரம். அதனால்தான் நிறுவனங்கள் அதைத் தேடி வருகின்றன. கண்ணழுத்த நோயால் மெல்லமெல்லப் பார்வை போகிறவர், ஆயுள் முழுக்க வர வேண்டியவர்; அவரை யாரும் தேடி வருவதில்லை. சுலபமான நோயாளிகள் வெளியே போனதும், அந்தச் சுலபமான நோயாளிகளிடம்தான் கை பழகும் இளம் மருத்துவர்கள் எங்கே கற்பார்கள் என்று அங்குள்ள கண் மருத்துவர்களின் ராயல் கல்லூரியே எச்சரித்திருக்கிறது. எங்கள் வார்டிலும் இப்படித்தான் இருந்தது. தனியாரிடம் அறுவை செய்துகொண்டு, நான்காம் நாள் காய்ச்சலோடும் பிளந்த தையலோடும் இரவு இரண்டு மணிக்கு வந்தவர்கள் எங்களிடம்தான் வந்தார்கள். அவர்களை ஒருநாளும் திருப்பி அனுப்பவில்லை. அந்தச் செலவு எங்கள் கணக்கில் ஏறியது, அந்த அறுவை சிகிச்சையின் வெற்றி தனியார் கணக்கில் இருந்தது. ஆண்டு இறுதியில் இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்து, அரசு மருத்துவமனை திறமையற்றது என்றார்கள். என் பணிக்காலத்தில் என்னை மிகவும் வருத்திய விஷயம் அதுதான்.

பழுதான இயந்திரத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை. அரசு மருத்துவமனையில் உதிரிப் பாகத்துக்காக எத்தனை கடிதம் எழுதினேன் என்று எனக்கே கணக்கில்லை. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் பழுது பார்க்க ஓர் ஒப்பந்தம் போட்டால் போதும் என்ற இடத்தில், நோயாளியையே ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.


கரையோரத்தான்:

எல்லோருக்கும் நன்றி. நேற்றுக் கூட்டத்துக்குப் போய் வந்தேன். பேரேடு ஐயா சொன்னபடி விலகல் பிரிவைக் கேட்டேன். அந்தப் பக்கங்கள் வணிக இரகசியம், காட்ட இயலாது என்றார்கள். டயாலிசிஸ் நேரத்தைக் குறைத்தால் அபராதம் உண்டா என்று கேட்டேன். “அமர்வுகளின் எண்ணிக்கைதான் அளவுகோல்” என்றார்கள். ஓர் அமர்வு எத்தனை மணி நேரம் என்று வரைவில் இல்லை. இப்போதிருக்கும் டெக்னீஷியன்கள் தொடர்வார்களா என்றதற்கு, நிறுவனம் முடிவு செய்யும் என்று பதில். கருத்துகளை எழுத்தில் கொடுக்க இரண்டு வாரம் தந்திருக்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?


இரவுப்பணி:

தம்பி, மணி நேரத்திலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் மருத்துவர் எழுதிய நேரம் எவ்வளவு, இயந்திரம் உண்மையில் ஓடிய நேரம் எவ்வளவு என்ற இரண்டையும் மாதந்தோறும் வெளியிட வேண்டும் என்று எழுதுங்கள். அமர்வுகளை எண்ணினால் அமர்வுகள்தான் கூடும். ஒரு செவிலியருக்கு, ஒரு டெக்னீஷியனுக்கு எத்தனை நோயாளிகள் என்ற உச்சவரம்பை ஒப்பந்தத்தின் உள்ளேயே எழுதச் சொல்லுங்கள். இரவில் துப்புரவுப் பணியாளருக்கு உத்தரவிடும் அதிகாரம் பொறுப்புச் செவிலியருக்கு இருக்க வேண்டும். இது சின்ன விஷயம்போல் தெரியும், விட்டுவிடாதீர்கள். விலகல் பிரிவைக் காட்ட மறுத்ததையும் அப்படியே எழுத்தில் பதிவு செய்யுங்கள்.

அதற்கெல்லாம் முன்பு ஒரு வேலை இருக்கிறது, இந்த வாரமே செய்ய வேண்டும். டயாலிசிஸ் பிரிவில் தொற்றுப் பதிவேடு ஒன்று இருக்கும். காய்ச்சல், குளிர் நடுக்கம், ஊசி போட்ட இடத்தில் சீழ், எல்லாம் தேதிவாரியாக அதில் இருக்கும். பெயர்களை நீக்கிவிட்டு, கடந்த மூன்று ஆண்டுகளின் மாதவாரி எண்ணிக்கையை மட்டும் முறைப்படி விண்ணப்பித்து வாங்குங்கள். கைமாறிய மறுநாள் முதல் புதிய பதிவேடுதான் இருக்கும். எங்கள் வார்டில் பழையது எங்கே போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அது கையில் இருந்திருந்தால், மேலே “நிரூபிக்க முடியாது” என்று நான் எழுத வேண்டி வந்திருக்காது.

அம்மாவின் கையில் ஊசி போடும் இடத்தை அந்த டெக்னீஷியனிடம் கேட்டு ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆழம், கோணம், எந்தப் பக்கம் நோக்கி என்பதையும் சேர்த்து. அடுத்த முறை போகும்போதே.